மழைநாட்டில் ஒரு முதுகுப்பை

கேரளத்தில் பள்ளிகள் திறப்பது வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில். தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை அடையும் நாளாக வானிலைத் துறையினர் கணக்கில் கொள்வதும் ஜூன் முதல் நாளே. புதுப் புத்தகமும் புதுமழையும் ஒரே வாரத்தில் நம் வீட்டுக்கு வருகின்றன. ஆண்டுக்குச் சுமார் 300 செ.மீ. மழை பெறும் இந்நாட்டில், வாளையாறு முதல் குமுளி வரை எல்லையோரம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் குடைக்குச் செலவிடுகிறோம், மழைக்கோட்டுக்குச் செலவிடுகிறோம். பிள்ளையின் புத்தகத்தையும், வேலைக்குச் செல்வோரின் சோற்றுப் பாத்திரத்தையும் மாற்றுடையையும், குடும்பத்தின் சான்றுத் தாள்களையும் தாங்கிச் செல்லும் பையைப் பற்றி மட்டும் அதிகம் எண்ணுவதில்லை. கடையில் நிறம் பார்த்து வாங்குகிறோம்; அடுத்த ஆண்டு வேறொன்று வாங்குகிறோம்.

சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பொருள் கொண்டு சேர்க்கும் தூதர்கள் உலகெங்கும் விரும்பிச் சுமக்கும் ஒரு பை உண்டு. அதன் வாயைச் சுருட்டிக் கட்டுவார்கள். கடைக்காரர்கள் ‘ரோல் டாப்’ என்பார்கள். நாம் சுருட்டுவாய்ப் பை எனலாம். அதன் அமைப்பையும், பயனையும், வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும், இயன்றால் இங்கேயே தைத்துக்கொள்ளும் வழியையும் நம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுமந்து வந்த வழி

இம்மலைகளின் வரலாறே சுமையின் வரலாறுதான். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன்பின் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து அரிசியும் பருப்பும் மனிதர் தலையிலும் கால்நடை முதுகிலும் மலையேறின. 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஏற்பட்டது. முதலில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய அது, 1908-இல் சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர்.

அக்காலத் தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஈயத்தாள் ஒட்டியிருந்தது. ஈரம் தேயிலையைத் தொட்டால் மணம் போய்விடும், விலை போய்விடும் என்று வணிகர் அறிந்திருந்தனர். பெட்டியைச் சுமந்தவருக்கோ கம்பளியும், சாக்கை மடித்துத் தலைமேல் போட்டுக்கொண்ட கொங்காணியுமே காப்பு. பொருளுக்குக் கிடைத்த காப்பு ஆளுக்குக் கிடைக்கவில்லை.

நீர் புகாத பைக்கு அக்காலத்திலேயே தேவை கொண்டிருந்த மற்றொருவர் அஞ்சலோட்டக்காரர். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே தனித் தபால் துறைகள் இருந்தன. 1951-இல்தான் அவை இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன. மணி கட்டிய கோலும் கடிதப் பையுமாக அஞ்சலோட்டக்காரர் ஓடினார். மணியோசை கேட்டோர் வழிவிட வேண்டும் என்பது முறை. அவர் நனையலாம், பை நனையலாகாது. எழுத்து கரைந்த கடிதம் வந்து சேர்ந்தும் சேராததே.

பை தோற்பது எங்கே?

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளைப் பதிவு செய்யும் எழுத்தன் என்ற முறையில் நாள்தோறும் நான் காணும் உண்மை ஒன்றுண்டு. மூட்டையின் நடுப்பகுதி எளிதில் கிழிவதில்லை; கெடுவது வாயிலும் மூலையிலும்தான். ஆகையால்தான் நெல் வணிகர் கோணியின் வாயைக் கோணி ஊசியால் நெருங்கத் தைக்கின்றனர். தபால் பையின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி அரக்கு முத்திரை வைக்கும் வழக்கமும் அதனால் வந்ததே.

நாம் வாங்கும் சாதாரண முதுகுப்பையில் வாயை மூடுவது ஜிப். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. தூறலுக்கு அது தாங்கும்; ஒரு மணி நேரம் கொட்டும் மழைக்குத் தாங்காது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்குச் சொன்ன பழமொழி; ஜிப் வழியே இறங்கும் நீருக்கும் அது பொருந்தும். அன்றியும், பையை நிறைத்துவிட்டு ஜிப்பைப் பிடித்து இழுப்பதால் முதலில் பழுதாவதும் அதுவே. துணி நன்றாக இருக்கும்போதே ஜிப் போய்விட்டதென்று எத்தனை பைகளை நாம் எறிந்திருக்கிறோம்!

இரண்டாவது குறை தையல். துணி எவ்வளவு உயர்ந்ததாயினும், ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் ஒரு துளையே. மூன்றாவது குறை, துணியின் உட்பக்கத்தில் பூசிய பூச்சு. மலிவான பைகளில் இப்பூச்சு மெல்லியது. மூணாறு, பீர்மேடு போன்ற ஈரமான ஊர்களில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

சுருட்டுவாயின் இரகசியம்

இதில் பெரிய விஞ்ஞானம் எதுவுமில்லை. தலையணை உறைபோல மேற்புறம் நீண்டு திறந்திருக்கும் பை. பொருளை வைத்தபின் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயின் இரண்டு உதடுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழ்நோக்கி மூன்று சுற்றுச் சுருட்ட வேண்டும். பின்பு இரு முனைகளையும் வளைத்துக் கிளிப்பால் மாட்டவோ, பக்கத்து நாடாவில் இழுத்துக் கட்டவோ வேண்டும். இனி நீர் உள்ளே வரவேண்டுமானால், இறுக மடிந்த துணியினூடே மேலே ஏறி, இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். மேலிருந்து விழும் மழைக்கு அது இயலாத காரியம். ஒரு சுற்றோடு நிறுத்தினால் நீர் கசியும்; மூன்று சுற்று என்பதே விதி. பொருள் குறைவாயின் மேலும் இரு சுற்றுச் சுருட்டிப் பையைச் சிறிதாக்கலாம். பொருள் மிகுந்தால் சுற்றைக் குறைக்காமல் பொருளைக் குறைக்க வேண்டும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. இது மழைக்கான பையே. ஆற்றில் விழுந்து மூழ்கினால் எல்லாச் சுருட்டுவாய்ப் பைகளும் தாங்கும் என்று நம்பலாகாது.

உலகில் இப்பை வளர்ந்த கதை

நீர் புகாத துணிக்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு சார்லஸ் மாக்கின்டாஷ். இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பரப்பி ஒட்டும் முறைக்கு 1823-இல் அவர் உரிமை பெற்றார். நம் நாட்டில் 1920-இல் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூப் நிறுவனம் ‘டக்பேக்’ என்ற பெயரில் மழைக்கோட்டும் பள்ளிப்பையும் செய்து புகழ்பெற்றது. நம் தந்தையர் காலத்தில் டக்பேக் பை வைத்திருந்த மாணவன் வகுப்பில் தனித்துத் தெரிவான்.

1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டனர். பருத்திக் கித்தான் நனைந்தால் கனக்கும், மட்கும். நைலானுக்கு அக்குறைகள் மிகக் குறைவு. மேல்நாட்டுப் பெருநகரங்களில் அலுவலகத்துக்கு அலுவலகம் கடிதமும் வழக்குத் தாளும் கொண்டு ஓடிய சைக்கிள் தூதர்கள், ஒரு தோளில் குறுக்காக மாட்டும் நைலான் பைகளை விரும்பினர். 1989-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற சைக்கிள் தூதர் தாமே பை தைக்கத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ‘டிம்பக்டூ’ என்ற பெயர்பெற்ற நிறுவனமாயிற்று. ஒரு தோளில் சுமந்தால் முதுகு கோணுவதை உணர்ந்து, நாளடைவில் பலர் இரு தோளிலும் மாட்டும் சுருட்டுவாய்ப் பைக்கு மாறினர்.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் நெருக்கமான பொருள் லாரியின் தார்ப்பாய். ஜெர்மனியில் ஹார்ட்முட் ஓர்ட்லீப், லாரித் தார்ப்பாயைக் கண்டு, அதே பொருளால் சைக்கிள் பைகள் செய்ய 1982-இல் நிறுவனம் தொடங்கினார். 1993-இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் மார்க்கஸ், டேனியல் ஃபிரைடாக் என்ற சகோதரர்கள், உழைத்து ஓய்ந்த பழைய லாரித் தார்ப்பாயையே வெட்டிப் பை செய்தனர். தோள்பட்டைக்குக் கார் இருக்கைப் பெல்ட்டும், விளிம்புக்குச் சைக்கிள் டியூபும் பயன்பட்டன. மழையில் தம் வரைபடத் தாள்கள் நனையலாகாது என்பதே அவர்கள் கவலையாயிருந்தது. இன்று அப்பைகள் உலகெங்கும் நல்ல விலைக்கு விற்கின்றன. வாளையாறு வழியே நாள் முழுதும் லாரிகள் ஓடக் காணும் நமக்கு, பழந்தார்ப்பாய் அரிய பொருளா?

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

முதலாவது, துணி. விற்பனைச் சீட்டில் டெனியர் என்ற எண் இருக்கும். 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் எடை உள்ளதோ அத்தனை டெனியர். எண் ஏற ஏற நூல் தடிக்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிளில் நாள் முழுதும் அலைவோருக்கு 1,000 டெனியர் நைலானோ, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் தார்ப்பாயோ தகும். அலுவலகம் செல்வோருக்கு 400 முதல் 600 டெனியர் போதும்.

இரண்டாவது, மூட்டு. பி.வி.சி. பைகளில் துணியை வெப்பத்தால் உருக்கி ஒட்டிய மூட்டுச் சிறந்தது. அங்கே ஊசித் துளையே இல்லை. தைத்த மூட்டாயின், உட்புறம் அதன்மேல் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பையைப் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, தோள்பட்டை. பட்டை பையோடு சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே குறுக்குத் தையலும் போட்டிருக்க வேண்டும். சுமை முழுதும் அங்கேதான் தொங்குகிறது. வண்டியோட்டுவோருக்கு மார்புப் பட்டையும், பின்னால் வரும் வாகனத்தின் விளக்கில் மின்னும் பட்டையும் இன்றியமையாதவை.

நான்காவது, சோதனை. வெற்றுப் பையில் காற்றைப் பிடித்து வாயைச் சுருட்டி மாட்டி, இரு கையால் அமுக்குங்கள். காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறினால் அவ்வழியே நீரும் வரும். வீட்டுக்கு வந்தபின் உள்ளே பழைய செய்தித்தாளை வைத்து, குழாயடியில் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். தாளில் ஈரம் பட்ட இடம் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுக்கொரு பையாக 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டில் 2,500 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய்க்கு வாங்கிய உறுதியான பை ஐந்தாண்டு உழைத்தால் 1,000 ரூபாய் மிச்சம். நனைந்து போன புத்தகங்களின் விலை இக்கணக்கில் சேரவில்லை.

இங்கேயே தைத்துக்கொள்ளலாம்

வீட்டுத் தையல் பொறி தடித்த தார்ப்பாயைத் தாங்காது. லாரி இருக்கையும் தார்ப்பாயும் தைக்கும் கடையில் அளவைக் கொடுத்தால் அவர்கள் தைத்துத் தருவர். அளவு இதோ.

உடலுக்கு 93 செ.மீ. அகலமும் 75 செ.மீ. உயரமும் உள்ள ஒரு துண்டு. அடிக்கு 33 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு. இவற்றில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செ.மீ. தையலுக்குப் போகும். எஞ்சுவது 90 செ.மீ. சுற்றளவுள்ள குழாயும், அதற்குச் சரியாகப் பொருந்தும் 30-க்கு 15 செ.மீ. அடியும். உயரத்தில் மேலே 18 செ.மீ. விளிம்பு மடிப்புக்கும் மூன்று சுற்றுக்கும் போக, பொருள் வைக்கச் சுமார் 55 செ.மீ. கிடைக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 22 லிட்டர்.

முதலில், துண்டு விரிந்திருக்கும்போதே முதுகுப் பக்கம் தோள்பட்டைகளைத் தைத்துவிட வேண்டும். மேல்முனை, விளிம்பிலிருந்து 22 செ.மீ. கீழே அமையட்டும், சுருட்டும் பகுதியில் பட்டை வரலாகாது. பட்டைக்கு உட்புறம் ஒரு தார்ப்பாய்த் துண்டை வைத்துச் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது. பின்பு பக்க மூட்டை இரட்டைத் தையலால் மூடி, அடியைப் பொருத்துக. மேல் விளிம்பை 2 செ.மீ. மடித்து, ஓர் உதட்டினுள் மட்டும் வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகுக. சுருட்டும்போது அது நேராக நிற்க உதவும். இரு முனைகளிலும் கிளிப்பின் ஆண், பெண் பகுதிகளைத் தைக்க வேண்டும். நூல் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி நூல் மட்கிவிடும். இறுதியாக உட்பக்கத் தையல்கள் யாவற்றின்மேலும் மெல்லிய தார்ப்பாய்ப் பட்டையைப் பி.வி.சி. பசையால் ஒட்டுக. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசை இதில் நன்கு பிடிக்காது.

பேணுதலும் எளிது. துணி துவைக்கும் பொறியில் போடாதீர்கள், இஸ்திரி படக்கூடாது. ஈரத்துணியாலும் சிறிது சோப்பாலும் துடைத்து, வாயைத் திறந்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெளியீரம் உள்ளே வராத பையிலிருந்து உள்ளீரமும் வெளியே போகாது என்பதை மறக்கலாகாது. நனைந்த துண்டையும் குழம்புப் பாத்திரத்தையும் வேறொரு சிறு உறையில் இட்டே வைக்க வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பூக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தை இரண்டரைக் கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது. தடித்த தார்ப்பாய்ப் பை வெறுமையாகவே ஒரு கிலோ இருக்கக்கூடும். ஆதலால் சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம். மெல்லிய நைலானில் செய்த சுருட்டுவாய் உறையொன்றை வாங்கி, பழைய பள்ளிப்பையினுள் புத்தகங்களை அதிலிட்டு அனுப்பினால் போதும்; பளுவும் ஏறாது, புத்தகமும் நனையாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியலில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வந்து மாலையில் திரும்பும் நம் சகோதரிகளுக்கும், மாற்றுச்சேலையையும் கைபேசியையும் காக்க இவ்வுறையே ஏற்றது.

பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் உணவும் மருந்தும் மளிகையும் வண்டியில் கொண்டு சேர்க்கும் நம் இளைஞர்களுக்கோ தடித்த பையே தக்கது. ஓட்டுநர் உரிமமும், வண்டிப் பதிவுச் சீட்டும், கைபேசியும், மின்னேற்றியும் நனைந்தால் அன்றைய வருமானம் அங்கேயே நின்றுவிடும். கனமான பொருளை முதுகை ஒட்டி வைத்து, பட்டைகளை இறுக்கி ஓட்டுக. தொங்கும் பை வளைவில் வண்டியை இழுக்கும்.

தாள் நனைந்தால் உரிமையும் நனையும்

இக்கட்டுரையில் யான் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியைத்தான். வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பத்துக்குத் தாளே ஆதாரம். பட்டியலினத்தவர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே தம் முன்னோர் இங்குக் குடியேறினர் என்று காட்ட இயலாத தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் சாதிச் சான்று பெற இடர்ப்படுகின்றன. பாட்டனார் பெயர் எழுதிய பழைய தோட்டப் பதிவுத் தாளோ, அப்பா படித்த பள்ளியின் சான்றிதழோ பேரனின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. அத்தாள் ஒன்றே ஒன்றுதான். லயத்துக் கூரையின் கீழ்த் தகரப் பெட்டியில் அது இருக்கிறது.

2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களின் சான்றுகள் அழிந்தன. அவற்றை மீண்டும் வழங்க அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டக் குடும்பத்தினர். உயிரைக் காக்கப் பை உதவாது. எச்சரிக்கை வந்தவுடன் இடம்பெயர்வதே உயிரைக் காக்கும். ஆனால் எடுத்துச் செல்ல வேண்டியவை ஒரே பையில் ஆயத்தமாக இருந்தால், பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. புறப்படக் கை காலம் தாழ்த்தாது.

கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அவசரகாலப் பையொன்று இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. குடும்ப அட்டை, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ், நிலப் பட்டயம், வங்கிப் புத்தகம், சேமநிதித் தாள்கள் ஆகியவற்றை முதலில் ஒரு சிறு உறையிலிட்டு, அதைச் சுருட்டுவாய்ப் பையினுள் வையுங்கள். அதனோடு டார்ச் விளக்கு, விசில், வழக்கமாக உண்ணும் மருந்து, குடிநீர், உலர்ந்த தின்பண்டம், கைபேசி மின்னேற்றி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைச் சேருங்கள். தாள்களைப் படமெடுத்து வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவைப்பது நலம். பை கதவருகே ஆணியில் தொங்கட்டும். வீட்டில் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அதன் இடத்தை அறிந்திருக்கட்டும்.

நம் சங்கத்தின் மகளிர் குழுக்களில் தையல் கற்றோர் பலர் உள்ளனர். மேலே தந்த அளவை வைத்துக்கொண்டு, தார்ப்பாய்க் கடைக்காரர் ஒருவரின் துணையோடு, பழந்தார்ப்பாயில் பத்துப் பைகளேனும் தைத்துப் பார்க்கலாம். அடுத்த இடவப்பாதி மழைக்கு முன் நம் இல்லந்தோறும் ஒரு பை தொங்குமானால், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைத்த பயன்.